கம்பெனியும் நொடித்து நாமும் நொடித்தால்: டெல்டா டைரக்டர்களுக்கு முன்னால் உள்ள வழிகள்

"கடன் கம்பெனி பேரில்தானே, வீட்டுக்கு என்ன வரப்போகிறது" என்று நம்பி ஆலையை ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம். "எல்லாம் முடிந்தது, மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டியதுதான்" என்று முடிவுகட்டி வக்கீலைத் தேடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் அவசரப்படுகிறார்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள், அதை நடத்துகிறவர் வேறு ஆள். இருவரும் சேர்ந்து நொடிக்கும்போது யாருக்கு முதலில் வழி தேடுவது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் வீடும் நிலமும் நிற்பதும் போவதும் இருக்கிறது.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு சிறு கம்பெனிகளுக்குக் கணக்கும் வரித்தாக்கலும் பார்க்கிறவன் நான். மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கயிறு ஆலை, பித்தளைப் பாத்திரப் பட்டறை என்று தொழில் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: கம்பெனியை மூடுவதா, நானே திவால் மனு போடுவதா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்கு முதலில் வழி பாருங்கள், உங்களுக்கு அப்புறம். சொந்த திவால் சட்டம் தருகிற பாதுகாப்புதான், அதில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் வரிசையில் அது கடைசியில் வர வேண்டியது. ஏன் என்று பார்ப்போம்.

யார் கையெழுத்து எங்கே இருக்கிறது

எந்த வழியைப் பற்றியும் யோசிப்பதற்கு முன், ஒரு வெள்ளைத்தாளில் கடன்களைப் பிரித்து எழுதுங்கள். பேசுவதற்கு வசதியாக ஒரு கற்பனைக் கணக்கை வைத்துக்கொள்கிறேன். கணவனும் மனைவியும் டைரக்டர்களாக இருக்கும் ஒரு மாடர்ன் ரைஸ் மில். வங்கிக்குக் கேஷ் கிரெடிட்டும் மெஷின் கடனும் சேர்த்து 1.5 கோடி ரூபாய் பாக்கி. நெல் கொடுத்த விவசாயிகளுக்கும் வியாபாரிகளுக்கும் 25 லட்சம், அதில் பாதிக்குக் கம்பெனி செக் கொடுத்திருக்கிறது. கணவர் தன் பேரில் புரோநோட்டு எழுதி வாங்கிய கைமாற்று 18 லட்சம். சொத்து என்று பார்த்தால் ஆலை இடமும் மெஷினும் நிதானமாக விற்றால் 90 லட்சம், டவுனில் உள்ள வீடு 55 லட்சம், பரம்பரை நஞ்சை 9 மா, அதாவது மூன்று ஏக்கர், 36 லட்சம். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. நஞ்சை எங்கேயும் அடமானம் இல்லை.

இதில் வங்கிக் கடன் கம்பெனியுடையது. ஆனால் கடன் வாங்கிய அன்று நீட்டப்பட்ட காகிதக் கட்டில் தனிப்பட்ட கேரண்டி பத்திரமும் ஒன்று இருந்திருக்கும். அதில் கையெழுத்துப் போட்ட நொடியிலிருந்து அது உங்கள் கடனும்தான். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். முதலில் கம்பெனியிடம் வசூல் செய்துவிட்டு அப்புறம் என்னிடம் வா என்று வங்கியிடம் சொல்ல முடியாது.

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும் என்பதால், நம் ஊரில் இரண்டாவது பெயராக மனைவியோ அம்மாவோ சேர்க்கப்படுகிறார். ஆலை வாசலைக்கூட மிதிக்காதவர், கேரண்டி பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த ஒரு கையெழுத்தால் அவருடைய பிறந்த வீட்டு நிலமும், அவர் பேரில் உள்ள மனையும் கடனுக்குள் வந்துவிடும். அவர் கேரண்டி போடவில்லை என்றால், டைரக்டர் என்ற ஒரே காரணத்துக்காக வங்கி அவர் சொத்தைத் தொட முடியாது. ஆகவே வங்கியில் எழுதிக் கேட்டு எல்லா ஆவணங்களின் நகலையும் வாங்குங்கள். நினைவை நம்பாதீர்கள்.

நெல் பாக்கி கம்பெனியுடையது. ஆனால் திரும்பிய செக்கில் கையெழுத்துப் போட்ட டைரக்டர், செக் மோசடி வழக்கில் தனி ஆளாகவும் நிற்பார். கைமாற்று முழுக்க முழுக்கச் சொந்தக் கடன். கம்பெனி மூடினாலும் திறந்தாலும் அதில் மாற்றம் இல்லை. ஜி.எஸ்.டி. பாக்கி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: பிரைவேட் கம்பெனியிடம் வசூலாகாத வரியை, அந்தக் காலத்தில் டைரக்டராக இருந்தவரிடம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. தன் பக்கம் பெரிய அலட்சியமோ முறைகேடோ இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். வருமான வரியிலும் இதே மாதிரி பிரிவு உண்டு. ஆட்களின் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் வைத்திருந்தால் அது கிரிமினல் விவகாரம். கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

இன்னும் ஓட்ட முடியும் என்றால்

மூட்டைக்கு மூட்டை கணக்குப் பாருங்கள். நெல் விலை, அரவைக் கூலி, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் போக, வட்டியைச் சேர்க்காமல் ஆலை லாபத்தில் ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் உங்கள் பிரச்சினை கடன் சுமைதான், தொழிலில் கோளாறு இல்லை. 2024-இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குத் திறக்காமல் ஜூலை 28-இல்தான் திறந்தது. குறுவை நெல்லை நம்பி இருந்த ஆலைகளுக்கு அந்த மாதிரி ஒரு பருவம் போனாலே தவணை தடுமாறும். வங்கிக்கோ விவசாயம் அல்லாத கடனில் 90 நாள் தவறினால் அது வாராக்கடன். சம்பா நெல் வரும்வரை பொறு என்ற பேச்சு அந்தக் கணக்கில் கிடையாது.

அந்த 90 நாளுக்குள் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் நலிவைச் சரிசெய்ய 2015-இல் மத்திய அரசு ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கி அதை வங்கிகளுக்கு உத்தரவாக்கியது. 25 கோடி வரையிலான கடன்களுக்கு வங்கியின் குழு முன் கணக்கை வைத்து, தவணையை மாற்றியமைக்கவோ கடனைத் திருத்தியமைக்கவோ கேட்கலாம். இந்த ஏற்பாடு வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, தான் சிறுதொழில் என்பதைச் சான்றோடு கடன் வாங்கியவர்தான் உரிய நேரத்தில் எழுப்ப வேண்டும் என்றும் சொன்னது. வாராக்கடன் ஆகி, நோட்டீஸ் வந்து, ஏலம் வரைக்கும் போன பிறகு இதைத் தூக்கிக்கொண்டு போனால் பலன் இல்லை. சிறுதொழில் என்பதற்கான உத்யம் பதிவுச் சான்றை வைத்து, எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மேனேஜரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

மூட்டைக்கே நஷ்டம் என்றால் இந்த வழியில் நேரத்தை வீணாக்காதீர்கள். புதுக்கடன் வாங்கி வட்டி கட்டுவது, வீட்டு நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்து ஆலைக் கரண்ட் பில் கட்டுவது என்று போனால், கம்பெனியின் நஷ்டத்தை மாதாமாதம் வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

நாமே விற்று, பேசி அடைப்பது

டெல்டாவில் உள்ள சின்னக் கம்பெனிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பெரிய கடன்காரர் ஒரே வங்கி, விற்கச் சொத்து இருக்கிறது என்ற நிலையில் இதைவிட நல்ல வழி இல்லை.

நம் உதாரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன் டைம் செட்டில்மென்ட்டில், அதாவது கடனைக் குறைத்துப் பேசி முடிப்பதில், வங்கி 1.10 கோடிக்கு ஒத்துக்கொண்டது என்று வைப்போம். ஆலை 90 லட்சத்துக்கும் நஞ்சை 36 லட்சத்துக்கும் போனால் கையில் 1.26 கோடி. வங்கிக்குக் கொடுத்தது போக 16 லட்சம் விவசாயிகளுக்கு. வீட்டுப் பத்திரம் திரும்பி வருகிறது. நெல் பாக்கியில் 9 லட்சமும் கைமாற்று 18 லட்சமும் மிச்சம். வீட்டில் இருந்துகொண்டு, வேலைக்குப் போயோ சின்ன வியாபாரம் பார்த்தோ சில ஆண்டுகளில் அடைத்துவிடக்கூடிய தொகை.

இதையே செய்யாமல் விட்டால்? கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழிவிடும் சர்ஃபேசி சட்டத்தில் வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும், அப்புறம் சொத்தைக் கைப்பற்றி ஏலம் விடும். ஏலத்தில் ஆலை 65 லட்சத்துக்கும் வீடு 40 லட்சத்துக்கும் போனதாக வைத்தால் வந்தது 1.05 கோடி. வங்கிக்கு இன்னும் 45 லட்சம் பாக்கி, அதற்கு வட்டியும் ஓடும். விவசாயிகளுக்கு ஒரு ரூபாய் கூடப் போகவில்லை. வீடும் இல்லை. கையில் நஞ்சை மட்டும், எதிரே 88 லட்சம் கடன். அதே சொத்து, அதே கடன். யார் விற்றார்கள் என்பது மட்டும்தான் மாறியது.

நஞ்சை பற்றி ஒரு வார்த்தை. விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்குச் சர்ஃபேசி சட்டம் பொருந்தாது. இதைக் கேட்டவுடன் நிலம் என்றைக்கும் பத்திரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. வங்கி கடன் மீட்புத் தீர்ப்பாயத்திலோ சிவில் கோர்ட்டிலோ போய்த் தீர்ப்பு வாங்கி அதை ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். காலம் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தக் காலத்தைப் பேரம் பேசப் பயன்படுத்துங்கள், நிலத்தை ஒளிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

செட்டில்மென்ட்டுக்கு விலை உண்டு. கடன் அறிக்கையில் முழுதாக அடைத்தது என்று வராது, பேசி முடித்தது என்றுதான் வரும். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி விதித்தபடி, விவசாயம் அல்லாத கடனில் இப்படி முடித்தவருக்கு அந்த வங்கி மறுபடி கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாதம் காத்திருக்க வேண்டும். நடைமுறையில் இன்னும் நீளும். இன்னொன்று, சொன்ன தேதியில் பணம் கட்டவில்லை என்றால் தள்ளுபடி ரத்தாகிப் பழைய தொகை முழுதும் திரும்பி நிற்கும். வாங்குகிற ஆள் கையில் இல்லாமல் செட்டில்மென்ட் கடிதத்தில் தேதி போடாதீர்கள். கேரண்டி போட்ட எல்லோருடைய பொறுப்பும் தீர்ந்தது என்று அந்தக் கடிதத்தில் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். மனைவியின் பெயர் அதில் விடுபட்டால் அவர் பாக்கிக்காரராகவே நிற்பார்.

கம்பெனியை என்.சி.எல்.டி.க்குக் கொண்டுபோவது

2016-இன் திவால் சட்டத்தில் கம்பெனி தானாகவே மனு போடலாம். அது போக வேண்டிய இடம் என்.சி.எல்.டி., அதாவது தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்; தமிழ்நாட்டுக்கு அது சென்னையில். தவறிய தொகை குறைந்தது ஒரு கோடி இருக்க வேண்டும். 2020 மார்ச்சில்தான் இந்த வரம்பு ஒரு லட்சத்திலிருந்து உயர்ந்தது. மனு ஏற்கப்பட்டதும் டைரக்டர்களின் அதிகாரம் நிற்கும், நியமிக்கப்பட்ட நிபுணர் கம்பெனியை நடத்துவார். அதிகபட்சம் 330 நாளுக்குள் யாராவது திட்டம் கொடுத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கலைப்பு.

ஒன்றரைக் கோடிக் கடன் உள்ள ஆலைக்கு இது பொருந்துமா? எனக்குத் தெரிந்து அரிதாகத்தான். நிபுணருக்கான குறைந்தபட்சக் கட்டணமே மாதம் ஒரு லட்சம் ரூபாய் என்று 2022-இல் விதி வந்துவிட்டது. சொத்து விற்ற பணத்தில் முதலில் போவது இந்தச் செலவுதான். அப்புறம் அடமானம் வைத்திருக்கும் வங்கியும் தொழிலாளர் பாக்கியும். நெல் கொடுத்த விவசாயி வரிசையின் கடைசிப் பக்கம்.

இதைவிட முக்கியமானது: மனு ஏற்கப்பட்டதும் கடன்காரர்கள் வழக்கோ வசூலோ நடத்த முடியாதபடி கம்பெனிக்குக் கிடைக்கும் தடைக்காலம் கேரண்டி போட்டவருக்குக் கிடையாது. 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது, அதே ஆண்டில் சட்டத்திலும் சேர்ந்தது. கம்பெனிக்குத் திட்டம் ஒப்புதலாகி வங்கி பாதிப் பணத்தோடு திருப்தியடைந்தாலும், மீதிப் பாதிக்கு ஜாமீன்தாரரை விடாமல் துரத்தலாம் என்று 2021 மே மாதத் தீர்ப்பு சொல்கிறது. செக் வழக்கிலும் அப்படித்தான். கம்பெனி மீதான வழக்கு நிற்கும், கையெழுத்துப் போட்ட டைரக்டர் மீதான வழக்கு ஓடும். கம்பெனியைத் திவாலாக்கிவிட்டால் நானும் தப்பினேன் என்று நினைப்பவர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

சிறுதொழில்களுக்கென 2021-இல் வந்த முன்தயாரிப்புத் திட்டம், அதாவது கடன்காரர்களோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு என்.சி.எல்.டி.க்குப் போவது, கொஞ்சம் மேல். தவறிய தொகை 10 லட்சம் இருந்தாலே போதும், ஆலை உங்கள் கையிலேயே இருக்கும், 120 நாளில் முடிய வேண்டும். ஆனால் வங்கிகளில் 66 சதவீதம் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். ஒரே வங்கிதான் என்றால் அந்த வங்கி சம்மதித்தாலொழிய நடக்காது. அது சம்மதிக்கிற நிலையில் இருந்தால் வெளியிலேயே பேசி முடித்துவிடலாம். நிறைய வங்கிகளும் வியாபாரிகளும் உள்ள நடுத்தர ஆலைக்கு மட்டும் இதை யோசிப்பேன்.

சொந்த திவால்: இரண்டு வாசல்கள்

விற்க வேண்டியதையெல்லாம் விற்றாகிவிட்டது, அல்லது ஏலத்தில் போய்விட்டது. இன்னும் நம் சக்திக்கு மீறிய கடன் நிற்கிறது. அப்போதுதான் இந்தப் பகுதி. இங்கே பலருக்குக் குழப்பம் வருகிறது, காரணம் சட்டம் இரண்டாக இருப்பது.

கம்பெனிக் கடனுக்குக் கேரண்டி போட்டவருக்கு 2019 டிசம்பர் 1 முதல் 2016-இன் சட்டத்திலேயே வழி திறந்திருக்கிறது. கேரண்டியின் பேரில் வங்கி பணம் கேட்டு, நீங்கள் கட்டாமல் இருந்தால், நீங்களோ வங்கியோ சென்னை என்.சி.எல்.டி.யில் மனு போடலாம். மனு ஏற்கப்பட்டால் 180 நாள் கடன்காரர்கள் கை வைக்க முடியாது. அதற்குள் திருப்பிக் கட்டும் திட்டம் ஒன்றை வைக்க வேண்டும், தொகைக் கணக்கில் முக்கால் பங்குக் கடன்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் புரோநோட்டுக் கடன்களும் இந்தப் பட்டியலுக்குள் வரும், அது ஒரு நன்மை. திட்டம் தோற்றால்தான் அடுத்தபடியான திவால் உத்தரவு. நேரடியாக அங்கே போக முடியாது. உத்தரவு வந்த ஓராண்டில் விடுவிப்பு கேட்கலாம்.

மனு போட்ட உடனே, ஏற்கப்படும் முன்பே கிடைக்கிற இடைக்காலத் தடையை மட்டும் நம்பி ஓடாதீர்கள். கேரண்டர்களுக்கு அதை நீக்கும் திருத்தம் 2025 ஆகஸ்டில் மக்களவையில் வைக்கப்பட்டது. மனு போடும் நாளில் உள்ள சட்டம் என்ன என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். செக் வழக்கையும் இது நிறுத்தாது என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்ன மிஞ்சும்? அடமானம் இல்லாத ஒரே குடியிருப்பு வீடு, கிராமத்தில் 10 லட்சம், நகரத்தில் 20 லட்சம் மதிப்பு வரை. தொழில் கருவிகள், வீட்டுச் சாமான்கள், அடமானம் இல்லாத ஆயுள் காப்பீடு. சம்பிரதாயப்படி கழற்றக்கூடாத நகை ஒரு லட்சம் வரை. பட்டியலில் நஞ்சை இல்லை. டெல்டாவில் பலருக்கு உயிரே அந்த நிலம்தான், ஆனால் திவால் உத்தரவு வந்தால் உங்கள் பங்கு நிலம் கடன்காரர்களுக்கு உரியது. அடமானத்தில் உள்ள வீட்டுக்கும் இந்த விலக்கு உதவாது. நம் உதாரணத்துக் குடும்பம் இந்த வழியில் முதலில் போயிருந்தால் வீடு, நிலம் இரண்டும் போயிருக்கும். நாமே விற்பதை ஏன் முன்னால் வைத்தேன் என்பது இதில் தெரியும்.

இரண்டாவது வாசல், ஊரே மஞ்சள் நோட்டீஸ் என்று சொல்கிற பழைய வழி. 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம். கேரண்டி எதுவும் போடாமல், சொந்தப் பெயரில் புரோநோட்டு, சீட்டுப் பாக்கி, கைமாற்று என்று கடன்பட்டவருக்கு இன்றும் இதுதான். 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனு போடலாம் என்று நூறாண்டுக்கு முந்தைய தொகை அப்படியே இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்திலோ, அதிகாரம் தரப்பட்ட சார்பு நீதிமன்றத்திலோ மனு. உங்கள் சொத்து, கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். சிவில் நடைமுறைச் சட்டம் ஜப்தியிலிருந்து விலக்கும் பொருள்கள் மட்டும் தப்பும்: உடுப்பு, சமையல் பாத்திரம், தாலி, விவசாயியின் உழவுச் சாமான், மாடு, விதை நெல், விவசாயி குடியிருக்கும் வீடு. ஆலை முதலாளியை விவசாயி என்று கோர்ட் ஏற்குமா என்பது பட்டாவைவிட, பிழைப்பு எதில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. அடமானக் கடன்காரரை இந்தச் சட்டமும் தடுக்காது.

நோட்டீஸ் அனுப்பியதும் கடன் அழிந்தது என்று நினைப்பதுதான் இந்த வழியில் உள்ள பெரிய ஆபத்து. அது ஆரம்பம்தான். திவாலானவர் என்று அறிவித்த பிறகு, விடுவிப்புக்கு மறுபடி கேட்க வேண்டும். சொத்து, கடனில் ரூபாய்க்கு எட்டணா கூடத் தேறவில்லை என்றால் முழு விடுவிப்பைக் கோர்ட் மறுக்கும். ஆனால் அந்த நிலைக்குத் தன் குற்றம் காரணமல்ல என்று காட்டினால் கிடைக்கும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தென்னையைச் சாய்த்து மட்டை கிடைக்காமல் படுத்த கயிறு ஆலைக்காரருக்கும், தண்ணீர் வராத பருவத்தில் நெல் இல்லாமல் நின்ற ஆலைக்காரருக்கும் இது உயிர்ப்பான வாதம். அந்தக் காலத்து அரவைக் கணக்கு, கரண்ட் பில், சேதச் சான்றிதழ் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். விடுவிப்பு கிடைத்தாலும் அரசுக்குச் செலுத்த வேண்டியதும், மோசடியால் வந்த கடனும், ஜீவனாம்சமும் தீராது.

கம்பெனி முதலில், ஆள் அப்புறம் என்று சொன்னேனே, அதன் சட்டக் காரணம் இங்கேதான் இருக்கிறது. திவாலானவர் என்று அறிவிக்கக் கேட்டு மனு போட்டு அது நிலுவையில் இருந்தாலே, கம்பெனிச் சட்டப்படி டைரக்டராக இருக்கும் தகுதி போய்விடும். கணவனும் மனைவியும் ஒன்றாக மனு போட்டால் கம்பெனிக்குத் தலையே இல்லை. வங்கியோடு செட்டில்மென்ட் பேச, ஆலையை விற்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்ய யார் இருக்கிறார்கள்? அவசரத்தில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்து, அதனாலேயே நல்ல விலைக்கு ஆலையை விற்கும் வாய்ப்பை இழப்பது பெரிய சேதம்.

சும்மா விட்டுவிடுவது

ஷட்டரை இறக்கிவிட்டு, ஆடிட்டர் போனை எடுக்காமல் இருப்பதும் ஒரு வழி என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆண்டு ரிட்டர்ன் படிவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். மூன்று நிதியாண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் ஐந்து ஆண்டு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக முடியாது. பதிவாளரே கம்பெனியின் பெயரை நீக்கினாலும் டைரக்டர்களின் பொறுப்பு நீங்காது, கடன்காரர் 20 ஆண்டுக்குள் என்.சி.எல்.டி.யில் கேட்டு அந்தப் பெயரை மீட்கவும் முடியும். முறையாகப் பெயரை நீக்கச் சொல்லி நாமே மனு கொடுப்பது நல்ல முடிவுதான், 10,000 ரூபாய் கட்டணம். ஆனால் கடன் எல்லாம் தீர்ந்த பிறகுதான் அதைச் செய்ய முடியும். ஆகவே அது ஆலையை விற்று அடைத்தவருக்கான கடைசிப் படி.

எந்த வழியானாலும் செய்யக் கூடாதவை

நிலத்தை மச்சான் பேருக்கோ மனைவி பேருக்கோ தானப் பத்திரம் எழுதுவது வேண்டாம். கடன்காரரை ஏமாற்றச் செய்த மாற்றம் செல்லாது என்று கோர்ட் சொல்லும். பழைய திவால் சட்டத்திலேயே இரண்டு ஆண்டு பின்னோக்கிப் பார்க்க வழி உண்டு. அப்புறம் விடுவிப்பு கேட்கும்போது அந்தப் பத்திரமே உங்களுக்கு எதிரான சாட்சி. சம்பந்தியின் கைமாற்றை மட்டும் முதலில் அடைப்பதும் இதே வகை. கம்பெனிப் பணத்தில் உறவினருக்குக் கொடுத்தது இரண்டு ஆண்டுக்குள் என்றால் திரும்பக் கேட்கப்படும்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனசு பொறுக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். மூடப்போகிறது என்று தெரிந்த பிறகும் களத்துமேட்டில் போய்க் கடனுக்கு நெல் எடுப்பது. கொள்முதல் நிலையத்தில் காத்திருக்க முடியாமல், ஈரப்பதம் கூடிப்போன நெல்லோடு உங்களை நம்பி மூட்டை ஏற்றிவிடும் விவசாயிக்கு அடமானமும் இல்லை, கேரண்டியும் இல்லை. மீள முடியாது என்று தெரிந்தும் கடன்காரர்களின் நஷ்டத்தைக் குறைக்க முயலாத டைரக்டரைச் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்டச் சொல்லத் திவால் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவு இல்லாவிட்டாலும் இதைச் செய்யக் கூடாது. முடிவெடுத்த நாளிலிருந்து ரொக்கத்துக்கு மட்டும் வாங்குங்கள், அல்லது கூலிக்கு அரைத்துக் கொடுங்கள்.

வட்டிக்கு விடுகிறவர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிற நாளில் இந்தக் கணக்கெல்லாம் மறந்துபோகும். கடனைக் கட்ட முடியாத ஏழ்மைக்காக மட்டும் யாரையும் சிவில் சிறையில் வைக்க முடியாது என்று 1980-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்யவே சட்டத்தில் இடமில்லை. அதிக வட்டிக்கு எதிராக 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் இருக்கிறது, மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-இல் இன்னொன்று வந்திருக்கிறது. மிரட்டல் வந்தால் போலீசில் எழுதிக் கொடுங்கள். தூக்கம் போய், மனசு இருண்டு நிற்கிற நேரத்தில் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உரிமை. கேரண்டியில் கையெழுத்துப் போட்ட மனைவியோ அம்மாவோ, கணவரின் வக்கீலை மட்டும் நம்பாமல், தனக்கென்று ஒருவரை அங்கே கேட்டு வாங்கட்டும். அவருடைய சொத்தும் அவருடைய பாதுகாப்பும் கணவருடையதோடு எப்போதும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.